காஷ்மீரில் மிளகுக்கொடி: ஏற்காட்டில் எடுத்த கமாண்டோ படம்

காப்பித்தோட்டத்தான் (ஞாயிறு, இரவு 9.40)

எங்கள் மலையில் எடுத்த படம் என்றார்கள். அதற்காகவே இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பெயரை எழுதப்போவதில்லை. சின்னப் படம், புதுப் பையன்கள், ஓடுவதே இரண்டு மூன்று ஊரில்தான். பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

கதை இதுதான். சிறப்புப்படையைச் சேர்ந்த ஆறு பேர் இரவோடு இரவாக எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டுகிறார்கள். அந்தப் பக்கம் சுரங்கப்பாதை தோண்டுவதாகத் தகவல். அதன் வாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, படம் எடுத்து, ஒருவருக்கும் தெரியாமல் திரும்ப வேண்டும். சுடக்கூடாது. மாட்டிக்கொண்டால் அரசாங்கம் கைவிரித்துவிடும்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். திரையில் காஷ்மீர் என்று எழுத்து வருகிறது. பின்னால் சில்வர் ஓக் மரம், அதன்மேல் மிளகுக்கொடி, கீழே காப்பிச்செடி. அங்கே தேவதாருவும் பைனும் சினாரும் அல்லவா இருக்க வேண்டும்? சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, நிழலுக்காக நம் தோட்டங்களில் நிற்கும் மரம். மிளகுக்கொடி பனி விழும் ஊரில் ஒரு குளிர்காலம் தாங்காது. தளபதி பதுங்கியிருக்கும் செடியில் பழம் சிவந்து தொங்குகிறது. அவர் உயிருக்கு என்ன ஆகுமோ என்ற பதற்றமே எனக்கு வரவில்லை. ‘இந்த வரிசையை ஏன் இன்னும் பறிக்காமல் விட்டிருக்கிறார்கள்?’ என்றுதான் மனம் போனது.

ஆனால் நடுவில் ஒரு எட்டு நிமிடம் இருக்கிறது. எதிரி ரோந்துக்காரர்கள் இரண்டு பேர் வந்து, ஆறு பேரும் படுத்திருக்கும் இடத்துக்குப் பத்தடி தள்ளி நின்று பீடி பற்றவைக்கிறார்கள். வசனம் கிடையாது, இசை கிடையாது. படுத்திருக்கும் ஒருவனின் காதிலிருந்து ஒரு முசுறு எறும்பு புருவத்துக்கு ஏறி, இமைமேல் நின்று கடிக்கிறது. அவன் கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது, கை அசையவில்லை. காப்பி பறிக்கும் எங்கள் ஆட்களுக்கு முசுறு என்றால் என்னவென்று தெரியும். அரங்கில் என்னருகே இருந்தவர் தன் கன்னத்தைத் தட்டிக்கொண்டார்.

அந்த எட்டு நிமிடத்தை எடுத்தவர்தான் கடைசி இருபத்தைந்து நிமிடத்தையும் எடுத்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. சுடக்கூடாது என்று கிளம்பியவர்கள் தீபாவளி கொண்டாடிவிட்டுத் திரும்புகிறார்கள். ஆறு பேர் 43 பேரைக் கொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு (ஞாயிறு, இரவு 10.05)

120 ரூபாய் கொடுத்து உள்ளே போய்ப் பிணத்தை எண்ணிக்கொண்டிருந்தீர்களா, அண்ணா? கோடிக்கணக்கில் கொட்டி எடுக்கும் படங்களிலும் ஒருவன் நூறு பேரை அடிக்கிறான், அங்கே யாரும் விரல் மடக்குவதில்லை. நம் ஊர்ப் பையன்கள் கையில் இருந்ததை வைத்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் பனிமலைக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே? அது எங்கே எடுத்தது? உண்மையிலேயே காஷ்மீர் போய் வந்தார்களா?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி (ஞாயிறு, இரவு 10.31)

தம்பி, அது பனியல்ல, வெள்ளைக்கல். மாமாங்கம் பக்கம் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறதே, அதே மேக்னசைட். பொழுது சாய்ந்தபின் எடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வெள்ளைக்கல் லேசாக நீலம் பாய்ந்து தெரியும். தூரத்துக் காட்சி வரை நானும் ஏமாந்தேன். பூட்ஸ் பதியும்போது புழுதி கிளம்பியது, பிடிபட்டது. பனி புழுதியாகப் பறக்காது. வாயிலிருந்து ஆவியும் வரவில்லை. ஆனாலும் இந்த யோசனைக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன். ஆயிரம் முறை அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறோம், நம்மில் ஒருவருக்குத் தோன்றியதா?

இதைப் பேசும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் நினைவு வராமல் இருக்குமா? டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டூடியோ. ஏற்காடு சாலையில் இன்று நிற்பது வளைவு மட்டும். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இந்த ஊரிலிருந்து அனுப்பியவர் அவர். காசை எண்ணிச் செலவழிப்பதிலும் நேரத்தை மதிப்பதிலும் பேர்போனவர். படப்பிடிப்பு இடத்தில் நின்று கதையை மாற்றுகிற வழக்கமெல்லாம் அவரிடம் செல்லாது என்று என் தாத்தா சொல்வார். இந்தப் படத்தின் கடைசிப் பகுதி யாரோ நடுவில் புகுந்து மாற்றியது போல இருக்கிறது. என் சந்தேகம் அது.

பழைய சிப்பாய் (திங்கள், காலை 6.12)

பதினேழு ஆண்டு காலாட்படையில் இருந்தவன். வெல்லிங்டனில் பயிற்சி. சிறப்புப்படை அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரன் அழைத்துப் போனான், பார்த்தேன்.

மரத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. தண்ணீர்ப்புட்டியைப் பற்றித்தான் வருத்தம். எல்லையைத் தாண்டியதும் தளபதி இரண்டு மிடறு குடித்துவிட்டு, மூடி, இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கிறார். பாதி நிறைந்த புட்டி நடக்க நடக்கச் சளசளக்கும். இரவில் அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று படுத்துக்கிடந்து கேட்டவனுக்குத் தெரியும். ஒன்று முழுவதும் குடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. துப்பாக்கி வாரின் இரும்பு வளையத்தைத் துணி சுற்றிக் கட்ட வேண்டும். சட்டைப்பையில் சில்லறை இருக்கக்கூடாது. ஒளிரும் முள் உள்ள கைக்கடிகாரமென்றால் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்ட வேண்டும். வாசனை சோப்பைக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே நிறுத்திவிடுவார்கள். புறப்படும் முன் ஒவ்வொருவனையும் நின்ற இடத்தில் குதிக்கச் சொல்வோம். எது கலகலக்கிறதோ அதைக் கட்டு. இவற்றில் எதற்கும் பைசா செலவில்லை. படத்தில் வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று, தளபதி மெரூன் தொப்பியோடு எல்லை தாண்டுகிறார். பாரா வீரனுக்கு, அதாவது பாராசூட் படைக்காரனுக்கு, அந்தத் தொப்பி உயிர். அதனால்தான் அதை முகாமில் விட்டுவிட்டுப் போவான். அது அணிவகுப்புக்கும் கல்யாணத்துக்கும்.

முதுகுப்பை எல்லோருக்கும் காற்றடைத்த தலையணை போல ஆடுகிறது. அங்கே அதைப் பிட்டு என்போம். நம் ஊர்ப் பிட்டு அல்ல, இது கனக்கும். இருபத்தைந்து முப்பது கிலோ முதுகில் ஏறியவன் அப்படி நிமிர்ந்து நடக்க மாட்டான். உள்ளே நாலு செங்கல் வைத்திருந்தால் நடையே மாறியிருக்கும்.

அந்த எறும்புக் காட்சி சரி. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஐந்து ரோடு (திங்கள், காலை 9.20)

ஐயா, வணக்கம். ஒரு சந்தேகம். சுடாமல் திரும்பினால் அதில் வீரம் எங்கே? 2016 செப்டம்பர் 29 அன்று சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்குக்கு எல்லை தாண்டிப் போனவர்கள் பூப்பறித்துவிட்டா வந்தார்கள்? இன்னொரு கேள்வி, தவறாக நினைக்க வேண்டாம்: நீங்கள் எப்போதாவது அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா?

பழைய சிப்பாய் (திங்கள், காலை 11.47)

தம்பி இரண்டு வேலையை ஒன்றாக்குகிறார். வேவு பார்ப்பது வேறு, திடீர்த் தாக்குதல் வேறு. தாக்கப் போகிறவன் சத்தம் போடத்தான் போகிறான். 1971 டிசம்பரில் பூஞ்ச் பக்கம் 9 பாரா கமாண்டோ இரவில் போய் மண்டோல் என்ற இடத்தில் இருந்த பாகிஸ்தான் பீரங்கிகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே போரில் 10 பாரா கமாண்டோ, லெப்டினன்ட் கர்னல் பவானி சிங் தலைமையில், ஜீப்புகளில் பாலைவனத்தைக் கடந்து சிந்து மாகாணத்துக்குள் சாச்ரோ வரை போய் அடித்தார்கள். அவர் ஜெய்ப்பூர் அரச குடும்பத்துக்காரர். மகாவீர் சக்கரம் கிடைத்தது. 2016இல் போனதும் தாக்கத்தான். இந்தப் படத்தில் போனவர்களோ வேவு பார்க்கப் போனவர்கள். வேவுக்குப் போனவனின் துப்பாக்கி வெடித்தது என்றால் அவன் போன காரியம் அங்கேயே கெட்டது. எதிரி அந்தச் சுரங்கத்தை மறுநாளே மூடிவிட்டு வேறிடத்தில் தோண்டுவான். படத்தில் 43 பேரைக் கொன்றுவிட்டு வெற்றி என்று கொடி பிடிக்கிறார்கள். எங்கள் சுபேதார் இருந்திருந்தால் ஆறு பேரையும் வெயிலில் நிறுத்தியிருப்பார்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி (திங்கள், மாலை 4.15)

ஐயா சொன்னதற்கு என்னால் ஓர் உதாரணம் தர முடியும். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் போர் வரலாறு படிப்பதுதான் என் பொழுதுபோக்கு.

1943 பிப்ரவரி கடைசி. நார்வேயில் வெமோர்க் என்ற இடத்தில் ஜெர்மானியர் கையில் இருந்த, அணு ஆராய்ச்சிக்கு வேண்டிய கனநீர் தயாரிக்கும் ஆலை. பிரிட்டனில் பயிற்சி பெற்ற நார்வேக்காரர்கள் ஒன்பது பேர் இரவில் பள்ளத்தாக்கில் இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, எதிர்ப்பக்கப் பாறையில் ஏறி உள்ளே போனார்கள். பாலத்தில்தான் காவல், பாறை வழியாக எவனும் வர மாட்டான் என்ற நம்பிக்கை. வெடியை வைத்தாகிவிட்டது. திரியைப் பற்றவைக்கப் போகும்போது, உள்ளே காவலுக்கு இருந்த வயதான நார்வேக்காரர், ‘என் மூக்குக்கண்ணாடி எங்கேயோ போய்விட்டது, இந்தக் காலத்தில் வேறு கிடைக்காது’ என்கிறார். தேடுகிறார்கள்! உலகப் போருக்கு நடுவில், வெடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு கிழவரின் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு பற்றவைக்கிறார்கள். வெடித்த சத்தம் கேட்டு ஒரு ஜெர்மன் காவலாளி கைவிளக்கோடு வெளியே வந்து பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டான். இரண்டு பக்கமும் ஒரு தோட்டா வெடிக்கவில்லை. அவர்களில் ஐந்து பேர் பனிச்சறுக்கிலேயே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் போய் சுவீடனைச் சேர்ந்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். அந்தக் கண்ணாடி தேடும் காட்சியை எடுக்க என்ன செலவாகும்? ஒரு அறை, மூன்று பேர், ஒரு மூக்குக்கண்ணாடி. நம் வீட்டு மாடியில் எடுத்துவிடலாம்.

ஒலிக்கூடம் (திங்கள், இரவு 8.50)

ஒலிப்பதிவு என் தொழில். கடைசிச் சண்டை ஏன் மலிவாகத் தெரிகிறது என்று நான் சொல்கிறேன். படத்தைக் குறை சொல்வது எளிது, காது ஏமாறுவது கடினம்.

ஏகே ரகத் துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 600 தோட்டா சுடும், அதாவது நொடிக்குப் பத்து. மேகசினில் 30. அழுத்திப் பிடித்தால் மூன்று நொடியில் காலி. நாயகன் மாற்றாமல் பதினான்கு நொடி சுடுகிறார். கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது, ஒலித்தடுப்பான் மாட்டிய துப்பாக்கி ‘ப்ஸ்க்’ என்கிறது. துப்பாக்கி வெடிப்பு 160 டெசிபல் அளவில் இருக்கும். தடுப்பான் அதில் ஒரு முப்பதைக் குறைக்கும். மிச்சம் 130. பக்கத்தில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். மூன்றாவது, ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். எதிர்க் குன்றிலிருந்து சுட்டால் முதலில் மின்னல் போல ஒளி, பிறகுதான் சத்தம். இங்கே இரண்டும் ஒன்றாக வருகின்றன. எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே சத்தம் வேறு. இலவசமாகக் கிடைக்கும் ஒலித்துண்டு. அது எந்தத் தொகுப்பில் எத்தனையாவது என்றுகூட எனக்குத் தெரியும்.

அதே படத்தின் எட்டு நிமிடத்தில் கேட்பதெல்லாம் நேரடி ஒலி. சருகு, பீடி இழுக்கும் சத்தம், தூரத்தில் ஒரு நாய். நாய் ஒருமுறை குரைத்து நிறுத்தியதும் அரங்கமே அடுத்த குரைப்புக்காகக் காத்திருந்தது. அதைப் பிடித்த பையன் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள், வேலை தருகிறேன்.

பிணம் எண் ஏழு (செவ்வாய், அதிகாலை 1.10)

கடையை மூடிவிட்டு வந்து முழு இழையையும் படித்தேன். நான் தட்டுவடை செட் போடுகிறவன். அந்தப் படத்தில் செத்தவன்.

காப்பித்தோட்டத்தான் அண்ணன் எண்ணியது சரி, 43. ஆனால் நாங்கள் மொத்தம் ஒன்பது பேர்தான். தலைத்துணியை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்பச் செத்தோம். நான் மட்டும் ஐந்து முறை. மூன்றாவது முறை செத்தபோது உண்மையாகவே பாறையில் முழங்கை இடித்து அலறினேன், இயக்குநர் ‘அருமை’ என்றார்.

வெள்ளைக்கல் மேட்டில் எடுத்தது மார்ச் மாதம். பொழுது சாயட்டும் என்று மதியம் இரண்டு மணியிலிருந்து கம்பளிச் சட்டையோடு உட்காரவைத்துவிட்டார்கள். கீழே கல்லிலிருந்து அடிக்கும் வெக்கை மேலே வெயிலைவிட மோசம். தளபதியாக நடித்தவர் மயங்கி விழுந்தார். அவர் மோர் குடித்ததைப் படத்தில் பார்க்க முடியாது.

எறும்பு கதையில் இல்லை. ஒத்திகையின்போது ஒரு முசுறுக் கூடு கலைந்துவிட்டது. எல்லோரும் தட்டிவிட்டு ஓடினார்கள், அந்த ஒரு பையன் மட்டும் கேமரா ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தான். கேமராக்காரர் அதைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஓடவிட்டார். மறுநாள் அவனுக்கு ஒரு கண் திறக்கவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஆறு பேரும் சீருடையோடு குப்பனூர் பாதையில் ஒரு டீக்கடைக்குப் போய்விட்டார்கள். கடைக்காரப் பாட்டி எழுந்து பெஞ்சைத் துடைத்து, டீயும் போண்டாவும் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். ‘என் தம்பி மகனும் பட்டாளத்தில்தான் இருக்கிறான்’ என்றாராம். இவர்களுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் வரவும் முடியவில்லை. இயக்குநர் கேள்விப்பட்டு, அன்றிலிருந்து படப்பிடிப்பு இடத்தை விட்டு வெளியே போனால் சீருடைக்கு மேல் லுங்கியும் சட்டையும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கடைசி இருபத்தைந்து நிமிடத்துக்கு வருகிறேன். அது முதலில் கிடையாது. முதலில் எடுத்த முடிவில் ஆறு பேரும் படம் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவார்கள். ஒரு எதிரிக்காவலாளி காலையில் எழுந்து, பல் துலக்கிக்கொண்டே, நடந்த ஒன்றும் தெரியாமல் அந்தச் சுரங்க வாயைப் பார்த்து நிற்பான். அதோடு படம் முடியும். அந்தக் காவலாளி நான்தான். படம் வாங்க வந்தவர்கள் ‘சத்தம் எங்கே?’ என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டே நாளில் சண்டையை எடுத்தார்கள். மரத்துப்பாக்கி, கம்ப்யூட்டரில் போட்ட நெருப்பு. அந்த இரண்டு நாளுக்கான செலவு அதற்கு முன்னால் எடுத்த பதினைந்து நாளைவிட அதிகம் என்று புரொடக்‌ஷன் ஆள் புலம்பினார். எனக்கு அந்த இரண்டு நாள் சம்பளம் இன்னும் வரவில்லை. ஆளைப் பிடித்துக்கொடுத்த ஏஜென்ட் போனை எடுப்பதில்லை.

ஐந்து ரோடு (செவ்வாய், காலை 8.02)

பல் துலக்கும் முடிவா! அண்ணா, நான் ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல முடிவு. ஆனால் நான் பார்த்த காட்சியில் அந்த எட்டு நிமிடத்தில் பின்வரிசையில் நாலு பேர் போனை எடுத்தார்கள். சண்டை தொடங்கியதும் விசில் பறந்தது. வாங்க வந்தவர் முட்டாள் அல்ல. பல் துலக்குகிறவனைப் பார்த்து யாரும் விசிலடிக்க மாட்டார்கள்.

காப்பித்தோட்டத்தான் (செவ்வாய், காலை 9.36)

விசிலடித்தவர்கள் வெளியே வந்து எதைப் பற்றிப் பேசினார்கள்? நான் படிக்கட்டில் நின்று கேட்டேன். எறும்பு, எறும்பு, எறும்பு. நாற்பத்து மூன்று பேர் செத்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்குப் படுவதைச் சொல்கிறேன். ஆறு பேர், இருட்டு, மூடுபனி, சத்தம் போடக்கூடாது என்பது கதை. ஏழைத் தயாரிப்பாளருக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்குமா? இருட்டு சும்மா கிடைக்கிறது. மூடுபனியை எங்கள் மலைச்சாமி சேர்வராயன் தருகிறார். எறும்பு தானாக வருகிறது. பணக்காரப் படம் எடுக்க முடியாத ஒன்றை இவர்கள் கையில் வைத்திருந்தார்கள். இருந்த காசைக் கொண்டுபோய்ப் பணக்காரப் படம் செய்கிற வேலையில் கொட்டி, அதில் தோற்றார்கள். என் ஆத்திரம் அதுதான், மிளகுக்கொடி அல்ல. மிளகுக்கொடியை நான் மன்னித்துவிட்டேன். இரவுக் காட்சியில் அது தெரியவே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி (செவ்வாய், காலை 11.20)

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2020இல் பாதுகாப்பு அமைச்சகம் தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் எழுதியது: ராணுவத்தை வைத்துப் படமோ தொடரோ எடுப்பவர்கள் ஆட்சேபணை இல்லை என்ற சான்று வாங்க வேண்டும் என்று. அதனால்தான் இந்தப் படத்தில் எந்தப் படைப்பிரிவு என்று சொல்லாமலே ஓட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். பெரிய கம்பெனிக்கு டெல்லிக்கு நடக்க ஆள் இருக்கும். கொலுசுக்குப் பற்று வைக்கிற என் பட்டறையைப் போன்ற அளவில் படம் எடுக்கிறவனுக்கு எங்கே இருக்கும்?

மட்டுறுத்துநர் (செவ்வாய், மதியம் 1.00)

திருட்டுப் பிரதிக்கு இணைப்புக் கொடுத்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். மறுபடி போட்டால் கணக்கு முடக்கப்படும். தொடருங்கள்.

பழைய சிப்பாய் (செவ்வாய், மாலை 6.30)

பிணம் தம்பிக்கு: அந்தப் பாட்டியின் கடை எந்த இடம் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். ஆறு டீக்கும் ஆறு போண்டாவுக்கும் காசு பாக்கி இருக்கிறது. யாராவது கொடுத்துவிட வேண்டும்.

எறும்பு கடித்த பையனிடம் சொல்லுங்கள், கேமரா ஓடாதபோதும் அசையாமல் கிடந்தானே, அதுதான் சரி என்று.

ஐந்து ரோடு (செவ்வாய், இரவு 7.15)

ஐயா, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா, இல்லையா?

பழைய சிப்பாய் (செவ்வாய், இரவு 7.40)

தண்ணீர்ப்புட்டியைப் பற்றிக் கேளுங்கள் தம்பி, எவ்வளவு வேண்டுமானாலும் சொல்கிறேன்.

ஒலிக்கூடம் (செவ்வாய், இரவு 9.05)

பிணம் அண்ணா, அந்தப் பல் துலக்கும் முடிவு உள்ள பிரதி எங்காவது இருக்கிறதா? ஒரே ஒரு முறை பார்க்க வேண்டும்.

பிணம் எண் ஏழு (புதன், அதிகாலை 12.55)

எடிட்டரிடம் ஒரு டிஸ்க்கில் இருக்கிறது. அவருக்கும் சம்பள பாக்கி. பணம் வரும்வரை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.